இரண்டு இறக்கை விமான மாடல்: மேல் இறக்கையை ஒட்டுவதற்கு முன்னும் பின்னும்

முதல் உலகப்போர் காலத்து விமானக் கிட் ஒன்றை ஆசையாக வாங்கி, பாதியில் மாட்டிக்கொண்டு, டப்பாவோடு பரணில் போட்டுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி நின்றுபோன கிட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். மேல் இறக்கை ஒட்டியாகிவிட்டது, உள்ளே பிரஷ் நுழையவில்லை, இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்ட ஓட்டை போடலாம் என்றால் டிரில் நிற்க இடமில்லை. கைவேலை சுத்தமாகத்தான் இருக்கும், வரிசைதான் தப்பு. ஜெட் விமானம் செய்து பழகியவர்கள் முழுசாக ஒட்டிவிட்டு அப்புறம் பெயின்ட் அடிப்பார்கள். இரண்டு இறக்கை விமானத்தில் அது நடக்கவே நடக்காது.

கீழே சொல்வதெல்லாம் பிளாஸ்டிக் கிட்டுக்கு. பால்சா மரத்தில் செய்வதற்கு வரிசை வேறு.

1. எந்த விமானம், எந்த அளவு

முதல் விமானமாக ஃபாக்கர் டிஆர்.1 எடுங்கள். மூன்று இறக்கை என்று பயப்பட வேண்டாம். அதன் இறக்கைகள் உள்ளே இருக்கும் கட்டையின் பலத்திலேயே நிற்பவை, அதனால் இறக்கைகளுக்கு நடுவே கம்பி வலை கிடையாது. நடு ஸ்ட்ரட்களுக்கு, அதாவது மேல் இறக்கையைத் தாங்கும் சின்னத் தூண்களுக்கு, இடையிலும் சக்கரக் கால்களுக்கு இடையிலும் குறுக்குக் கம்பி, வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பி, இவ்வளவுதான். இன்னொரு வசதி, தொழிற்சாலையிலேயே அந்த விமானத்துக்கு ஆலிவ் நிறத்தைப் பிரஷால் கோடுகோடாக இழுத்துத்தான் அடித்தார்கள். ஏர்பிரஷ் இல்லாதவருக்கு இதைவிட என்ன வேண்டும், பிரஷ் தடம் தெரிந்தால்தான் அழகு.

எல்லோருக்கும் ஜெர்மன் விமானி ரிக்ட்ஹோஃபனின் சிவப்பு விமானம்தான் வேண்டும் என்பது தெரியும். செய்யலாம். ஆனால் சிவப்பு சீக்கிரம் மூடாத நிறம், சாம்பல் பிரைமர் மேல் நேராக அடித்தால் செங்கல் மாதிரி மங்கிவிடும். அடியில் வெளிர் ரோஸ் ஒரு கோட் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

ஃபாக்கர் டி.7-க்கும் கம்பி குறைவு, அதனால் கடையில் அதையும் ‘சுலபம்’ என்பார்கள். அதன் இறக்கைத் துணியில் பல நிறக் கட்டங்கள் அச்சடித்த உருமறைப்பு உண்டு. கிட்டில் அது முழு இறக்கைக்குமான டீகாலாக, அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாளாக, வரும். முதல் டீகாலே அதுவாக இருந்தால் வெறுத்துப்போவீர்கள். இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எஸ்.இ.5ஏ அல்லது அல்பட்ராஸ் டி.5, அதற்கப்புறம் சாப்வித் கேமல். பி.இ.2சி மாதிரி ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிசை ஸ்ட்ரட் உள்ளவற்றுக்குக் கை நன்றாகப் பழகிய பிறகு போகலாம். நம் நாட்டு விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலையில் பறந்து சண்டையிட்டது எஸ்.இ.5ஏ-வில்தான் என்பதால் பலர் அதையே முதலில் கேட்கிறார்கள். ஆசை நியாயம்தான், ஆனாலும் ஒரு டிஆர்.1 முடித்துவிட்டு வாருங்கள்.

அளவுக்கு வருவோம். கேமலின் நிஜ இறக்கை நீளம் 8.53 மீட்டர். 1/72-இல், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்த மாடலில், அது 118 மில்லிமீட்டர், 1/48-இல் 178, 1/32-இல் 267. சின்னது விலை குறைவு என்று 1/72-இல் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் தீக்குச்சியைவிட மெல்லிய ஸ்ட்ரட்டை நேராக நிறுத்துவது அதில்தான் கஷ்டம். 1/48 நல்ல நடுவழி. எடுவார்டு கம்பெனியின் 1/48 டிஆர்.1, எஸ்.இ.5ஏ, அல்பட்ராஸ் எல்லாம் நன்றாகப் பொருந்தும். எதை வாங்கினாலும் இறக்குமதிச் சரக்குதான், ஒரு பாகம் தொலைந்தால் மாற்றுப் பாகம் வருமா என்பதை நம்பி இறங்காதீர்கள்.

2. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பக்கம் தட்டையான நிப்பர், கூரான கத்தி, 400 முதல் 1500 வரை உப்புத்தாள், நல்ல இடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் பசை, ஃபெவிக்விக் வகைப் பசை, 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் டிரில் பிட், அதைப் பிடிக்கக் கையால் சுற்றுகிற பின் வைஸ். சர்க்யூட் போர்டுக்கு ஓட்டை போடும் பிட்கள் ரிச்சி தெருவில் கிடைக்கும், அதுவே போதும். சட்டென்று முறியும், அதனால் கூடுதலாகவே வாங்குங்கள். கனமான கண்ணாடித் துண்டு ஒன்றும் வேண்டும். மேசை வளைந்திருக்கலாம், கண்ணாடி வளையாது.

கம்பிக்கு என்ன வாங்குவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். காசிமேட்டில் மீன்பிடி சாமான் கடைக்குப் போய் ‘இருக்கிறதிலேயே மெல்லிசு குடுங்க’ என்று கேட்டு 0.3 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பை வாங்கி வருவார்கள். கடலில் அது மெல்லிசுதான். 1/72 மாடலில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த குழாய். நிஜத்தில் இந்தக் கம்பிகள் சில மில்லிமீட்டர்தான். 1/48-க்கு 0.1, 1/72-க்கு 0.08 அல்லது அதற்கும் கீழே என்று மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் கண்ணாடி மாதிரியான நைலான் நூல் எம்.சி. ரோடு பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் இருக்கும், அதில் மெல்லியதாகப் பார்த்து எடுக்கலாம். பட்டம் விடுகிற பருத்தி நூல் வேண்டாம், பெயின்ட் பட்டதும் ரோமம் ரோமமாக எழும்.

செம்புக் கம்பி, எஃகுக் கம்பி நேராக நிற்கும் என்பது சரிதான். ஆனால் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் உப்புக்காற்று சும்மா விடாது. செம்பு பச்சை பூக்கும், எஃகு துருப்பிடிக்கும். கடலோர வீட்டுக்கு நைலானோ பிளாஸ்டிக்கோதான்.

பெயின்டுக்கு, தண்ணீரில் கலக்கும் மாடல் அக்ரிலிக் போதும். ஹார்டுவேர் கடைத் தின்னரைக் கிட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பைக் பெயின்ட் கடை ஸ்ப்ரே பிரைமரும் சில சமயம் இதே வேலையைச் செய்யும். வாங்கிவிட்டால் முதலில் ஸ்ப்ரூ துண்டில், அதாவது பாகங்கள் மாட்டியிருக்கும் அந்தச் சட்டத்தில், அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

3. கையேட்டைப் பென்சிலால் திருத்துங்கள்

கிட்டோடு வரும் கையேடு ஒட்டும் வரிசையைச் சொல்லும். பெயின்டும் கம்பிப் படமும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதை அப்படியே பின்பற்றினால்தான் முதலில் சொன்ன நிலைமை வருகிறது. பசை மூடியைத் திறப்பதற்கு முன்னால் கையேட்டை முழுசாகப் படித்து, விமானத்தை ஐந்து தனித்தனி வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாடியும் கீழ் இறக்கையும் வாலும் சேர்ந்து ஒன்று, மேல் இறக்கை ஒன்று, ஸ்ட்ரட்கள் ஒன்று, சக்கரக் கால்கள் ஒன்று, இன்ஜின்-புரொப்பல்லர்-துப்பாக்கி ஒன்று. இந்த ஐந்தும் தனித்தனியாக ஓட்டை போட்டு, பெயின்ட் அடித்து, டீகால் ஒட்டி முடிந்த பிறகுதான் ஒன்றோடொன்று சேர வேண்டும்.

கம்பிப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து எதிரே ஒட்டிவைத்து, கம்பி தொடும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் போடுங்கள். இந்த எண்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். எண் போடாதவர்கள் வலதுபக்கம் கட்டிய மாதிரி இடதுபக்கம் கட்ட மறந்துவிடுவார்கள்.

4. கழுவுதல், வெட்டுதல்

ஸ்ப்ரூவோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் லிக்விடில் அலசிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. தண்ணீர் வடிக்கும்போது அடியில் சல்லடை வையுங்கள், உதிர்ந்த துப்பாக்கி முனை சாக்கடைக்குப் போய்விடும்.

ஸ்ட்ரட்டை ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். முதலில் ஸ்ப்ரூவைத் தள்ளி வெட்டி, பாகத்தை வெளியே எடுத்து, அப்புறம் ஒட்டி வெட்டுங்கள். நிப்பரின் அழுத்தம் நேராக ஸ்ட்ரட்டின் மேல் விழுந்தால் அது வளையும், சில சமயம் வெள்ளையாகக் கீறல் விழும். ஃபேனை அணைத்துவிட்டு வெட்டுங்கள். வேர்க்கத்தான் செய்யும், என்ன செய்வது.

5. காக்பிட்டும் பாடியும்

காக்பிட் மூடிவிட்டால் திரும்பத் திறக்காது, அதனால் உள்ளே எல்லாவற்றையும் அடித்து முடித்தபின் மூட வேண்டும். ஆனால் இங்கேயே மாசக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. மேல் இறக்கை வந்தபின் அந்த ஓட்டை வழியாகத் தெரிவது இருக்கையும் பெல்ட்டும் கொஞ்சம் மரச்சட்டமும்தான். பெல்ட்டில் உழையுங்கள், தரையில் வேண்டாம்.

மரத் தோற்றத்துக்கு ஒரு வழி: வெளிர் மஞ்சள்-பழுப்பு அக்ரிலிக் அடித்து நன்றாகக் காய்ந்ததும், பர்ன்ட் சியன்னா எண்ணெய் வர்ணத்தை மிகக் கொஞ்சமாக எடுத்து, கிட்டத்தட்டக் காய்ந்த தட்டைப் பிரஷால் ஒரே திசையில் இழுங்கள். பிரஷின் ஒவ்வொரு மயிரும் ஒரு மர நரம்பாக விழும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேமல் ட்யூப் போதும், கேமல் விமானத்துக்குக் கேமல் வர்ணம். எண்ணெய் வர்ணம் காய நாட்கள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், விரல் ரேகை பதியும். புரொப்பல்லருக்கும், அல்பட்ராஸின் ஒட்டுப்பலகைப் பாடிக்கும் இதே முறைதான்.

பாடியின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மெல்லிய பசையைப் பிரஷ் நுனியால் இடுக்கில் தொட்டால் அதுவே ஓடி நிரம்பும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு நூலிழை அளவு வெளியே பிதுங்கும். அதை அப்படியே விட்டு மறுநாள் உப்புத்தாளால் தேய்த்தால் இணைப்புத் தெரியாது. உடனே துடைத்தால் அங்கே பள்ளம் விழும், பட்டி வைக்க வேண்டிவரும்.

6. ஓட்டைகள், பெயின்டுக்கு முன்னால்

மேல் இறக்கையின் அடிப்பக்கம், கீழ் இறக்கையின் மேல்பக்கம், பாடியின் பக்கவாட்டு, வால் என்று எண் போட்ட எல்லாப் புள்ளியிலும் இப்போதே ஓட்டை போடுங்கள். முதலில் ஊசி முனையால் ஒரு குழி, அப்புறம் டிரில். குழி இல்லாவிட்டால் பிட் வழுக்கி இறக்கையில் கோடு இழுக்கும். கம்பி எந்தச் சாய்வில் போகிறதோ அதே சாய்வில் டிரில்லைப் பிடியுங்கள், நேர்குத்தாகப் போட்டால் பின்னால் நூல் ஓட்டையின் வாயில் மடிந்து தெரியும்.

பெயின்டுக்கு அப்புறம் ஏன் போடக்கூடாது? போடலாம்; ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து வரும், பிடித்த இடத்தில் விரல் எண்ணெய் ஏறும், அழுத்தம் தாங்காமல் ஏற்கெனவே ஒட்டிய ஸ்ட்ரட் கழன்றுவிடும்.

7. பெயின்ட், டீகால்

ஒட்டப்போகும் குழிகளிலும் ஸ்ட்ரட் முனைகளிலும் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது, பெயின்டின் மேல் விட்டால் பெயின்ட்தான் ஒட்டும், ஸ்ட்ரட் ஒட்டாது.

ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு நம் ஊர் வானிலை பற்றி ஒரு வார்த்தை. விடிகாலையில் ஈரம் அதிகம். பிற்பகலில் கடல்காற்று வந்துவிட்டால் மறுபடி ஈரம். நடுவில், கிட்டத்தட்ட 11 மணியிலிருந்து கடல்காற்று ஏறும்வரை உள்ள நேரம்தான் நல்லது. பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை நாட்களில் அந்தக் கோட்டை மட்டுமாவது தள்ளிப்போடுங்கள். மே மாதத்தில் பிரச்சினை வேறு: துளி மேற்பரப்பைத் தொடுவதற்குள் காய்ந்து மணல்மாதிரி ஆகிவிடும், அப்போது கொஞ்சம் நீர்த்து, கொஞ்சம் கிட்டே இருந்து அடியுங்கள். பிரஷ்காரர்கள் ஃபேனை அணைத்துவிட்டு பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் ஒரு சொட்டு சேர்த்துக்கொண்டால் போதும்.

ஜெட் செய்து பழகியவர்கள் செய்கிற அடுத்த தப்பு, பேனல் கோடுகளில், அதாவது தகடுகள் சேரும் இடுக்குகளில், கறுப்பு வாஷ் என்கிற நீர்த்த பெயின்ட் விடுவது. இந்த விமானங்களின் இறக்கை துணி. அதில் பேனலே கிடையாது, அடியிலுள்ள விலாச் சட்டங்கள் லேசாகத் துருத்தித் தெரியும், அவ்வளவுதான். பல கிட்களில் அந்த மேடு அளவுக்கு மீறி இருக்கும், உப்புத்தாளால் கொஞ்சம் அடக்குங்கள். நிழல் வேண்டுமென்றால் அதே நிறத்தைச் சற்று இருட்டாக்கி விலாவின் ஓரமாக மெல்லியதாக விடலாம். கறுப்பு வாஷ் மூக்குப்பகுதி உலோகத் தகடுகளுக்கு மட்டும்.

டீகாலுக்கு முன்னால் பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். ஊறவைக்கக் கேன் தண்ணீர் எடுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் உள்ள உப்பு, காய்ந்ததும் டீகாலைச் சுற்றி வெள்ளை வளையமாக நிற்கும். வட்டச் சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள்: பிரிட்டிஷ் என்றால் நடுவில் சிவப்பு, பிரெஞ்சு என்றால் நடுவில் நீலம். ஒரே கிட்டில் இரண்டு நாட்டு டீகாலும் வந்தால் இது குழம்பும்.

8. மேல் இறக்கை

இந்தக் கட்டத்துக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். கேமலில் நடுவில் பாடியின் மேல் நான்கு ஸ்ட்ரட், பக்கத்துக்கு இரண்டாக வெளியே நான்கு. எட்டு ஸ்ட்ரட்டுக்குப் பதினாறு முனை. பதினாறையும் ஒரே நேரத்தில் குழியில் உட்காரவைக்க முயல்வதுதான் எல்லோரும் செய்கிறது. ஒன்று உட்காரும்போது இன்னொன்று கழலும், பசை விரலில் ஏறும், விரல் ரேகை இறக்கையில் பதியும், அன்றோடு கிட் பரணுக்குப் போகும்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் நடு நான்கு ஸ்ட்ரட்களை மட்டும் பாடியில் ஒட்டுங்கள், சீக்கிரம் இறுகாத பசையால். அது இளகியிருக்கும்போதே மேல் இறக்கையை, பசை இல்லாமல், மூடிபோல மேலே உட்காரவையுங்கள். ஸ்ட்ரட்கள் தங்கள் சாய்வைத் தாங்களே தேடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இறக்கை முனைக்கு அடியில் ஒரே உயரத்துக்குத் தீப்பெட்டியோ லெகோ கட்டையோ அடுக்குங்கள். தெர்மாகோல் வேண்டாம், அதுவும் பாலிஸ்டைரீன்தான், பசை பட்டால் உருகி மாடலோடு சேர்ந்துகொள்ளும்.

இறுகுவதற்குள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் மேல் இறக்கையும் வால் இறக்கையும் இணையாக இருக்கவேண்டும். மேலிருந்து பார்க்கும்போது, இடது இறக்கை முனையிலிருந்து சுக்கான் கம்பம்வரை ஒரு நூலால் அளந்து, அதே நூலை வலதுபக்கம் வையுங்கள், சரியாக வர வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள். பக்கவாட்டில், பல விமானங்களில் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிடச் சற்று முன்னால் தள்ளியிருக்கும், அந்தத் தள்ளல் படத்தில் உள்ளபடி இருக்கிறதா பாருங்கள்.

கேமலில் இன்னொன்று. அதன் மேல் இறக்கை நேர்க்கோடு, கீழ் இறக்கை மட்டும் முனைகள் மேல்நோக்கி உயர்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றுபோல ஆக்க வேண்டும் என்று மேல் இறக்கையை வளைத்து ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைக்காதீர்கள், நிஜமே அப்படித்தான்.

இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் மேல் இறக்கையை அந்த நான்கு முனைகளில் ஒட்டுங்கள். அதுவும் இறுகிய பிறகு, வெளி ஸ்ட்ரட்களை ஒவ்வொன்றாகக் கீழ்க் குழியில் வைத்து, மேல் இறக்கையை மயிரிழை தூக்கி, மேல் குழியில் நழுவவிடுங்கள். நீளமாக இருந்து முட்டினால் இறக்கையைத் தூக்கிச் சமாளிக்கப் பார்க்காமல் ஸ்ட்ரட்டை இரண்டு உரசல் தேய்த்துவிடுங்கள். தூக்கிவைத்த இறக்கை எப்போதும் தூக்கியே நிற்கும்.

9. கம்பி

வரிசை: நடுவிலிருந்து வெளியே. முதலில் நடு ஸ்ட்ரட் குறுக்குக் கம்பிகள், அப்புறம் இறக்கைக் கம்பிகள், அப்புறம் சக்கரக் கால், கடைசியாக வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள். வெளியிலிருந்து ஆரம்பித்தால் உள்ளே கை போக வழி இருக்காது, போனாலும் கட்டிய கம்பியில் முழங்கை மாட்டும்.

இறக்கைக் கம்பி இரண்டு வகை. பறக்கும்போது இறக்கை மேலே பிய்ந்து போகாமல் பிடிப்பவை, கீழே பாடி ஓரத்திலிருந்து கிளம்பி மேலே வெளி ஸ்ட்ரட் முனைக்குப் போகும். பல விமானங்களில் இவை இரட்டையாக இருக்கும். தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் பிடிப்பவை எதிர்ச்சாய்வில், மேலே உள்ளிருந்து கீழே வெளியே போகும், பெரும்பாலும் ஒற்றை. இதைப் புரிந்துகொண்டால் படத்தைப் பார்க்காமலே எது எங்கே என்று தெரியும்.

1/48-இல் நூல் முறை. நூலின் ஒரு முனையைக் கீழ் ஓட்டையில் ஒரு துளி ஃபெவிக்விக் வைத்து ஒட்டி இறுகவிட்டு, மறுமுனையை மேல் இறக்கையின் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, ஒரு துணி கிளிப்பைத் தொங்கவிடுங்கள். கிளிப்பின் எடையே நூலை விறைப்பாக்கும். கையால் இழுத்துப் பிடித்தால் ஒரு பக்கம் அதிகம் இழுத்து இறக்கை முறுக்கிக்கொள்ளும். இடது, வலது என்று மாறி மாறிக் கட்டுங்கள், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனாலும் அதே முறுக்கல்தான். ஓட்டையில் ஊசி முனையால் பசை, இறுகியதும் மிச்சத்தை வெட்டி, தேய்த்து, இறக்கை மேல்பக்கம் ஒரு புள்ளி பெயின்ட். இந்த முறைக்கு மேல் ஓட்டை முழுசாக ஊடுருவ வேண்டும், 6-ஆம் கட்டத்திலேயே அதை முடிவு செய்யுங்கள்; இறக்கை மேல்பக்கம் டீகால் விழும் இடமாக இருந்தால் அந்த ஓட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த முறைக்குப் போங்கள்.

அடுத்த முறை, ஸ்ப்ரூ இழுப்பது. ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்திக்கு மேலே, தீயில் படாமல், சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். நடுவில் பளபளத்துத் தொய்ய ஆரம்பிக்கும்போது வெளியே எடுத்து, ஒரு கணம் பொறுத்து, இரண்டு கையாலும் நிதானமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் முடி, மெதுவாக இழுத்தால் கயிறு. இழுத்த நிலையிலேயே ஆறும்வரை பிடித்திருங்கள். டிவைடரால் இரண்டு ஓட்டைக்கும் நடுவே அளந்து, அதே நீளத்துக்கு வெட்டி, இடுக்கியால் உள்ளே வைத்து, முனைகளில் ஃபெவிகால் தொட்டால் போதும், வெள்ளையாக இருப்பது காய்ந்ததும் மறைந்துவிடும். தொய்வு இருந்தால் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, கனலும் முனையைக் கம்பிக்கு அடியில் சற்றுத் தள்ளிக் காட்டி நகர்த்துங்கள். இழுத்த பிளாஸ்டிக் சூடு பட்டால் சுருங்க விரும்பும், கண்ணெதிரே அது விண்ணென்று நேராவதைப் பார்க்கலாம். ஒரு கணம் அதிகம் காட்டினால் அறுந்துவிடும், அதனால் முதலில் வெறும் ஸ்ப்ரூவில் பழகிக்கொள்ளுங்கள்.

நைலான் ஈரத்தை இழுத்து லேசாக நீளும். வறண்ட நாளில் தளர்வாகக் கட்டினால் மழைக்காலத்தில் தொங்கும். நிறம் அடர் சாம்பல் போதும். கறுப்பு மார்க்கர் அடித்தால் விமானம் கூண்டுக்குள் இருக்கிறாற்போலத் தெரியும்.

10. அழுக்கு

கொஞ்சமாக. கேமல், டிஆர்.1 மாதிரி இன்ஜினே சுழலும் விமானங்கள் விளக்கெண்ணெயை ஊற்றி ஊற்றி எரித்தவை, அது திரும்ப வராமல் வெளியே சிதறும். அதனால் மூக்குக்குக் கீழே, பாடியின் அடியில், பழுப்புப் பளபளப்பாக எண்ணெய்க் கறை பொருந்தும். எஸ்.இ.5ஏ, அல்பட்ராஸ் எல்லாம் தண்ணீரால் குளிரும் நிலையான இன்ஜின். அவற்றுக்கு அந்தக் கறை வேண்டாம், புகைக்குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் கரி போதும். துணியில் துரு வராது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

11. வைக்கும் இடம்

மூடாத அலமாரியில் வைத்தால் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் தூசியும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் ஒரு வாரத்தில் கம்பியில் படியும், அதைத் துடைக்கப் போனால் கம்பி அறும். தூசிகூடப் பரவாயில்லை, பல்லி இருக்கிறதே, ராத்திரியில் இறக்கைக்கு நடுவே புகுந்து போனால் காலையில் பாதிக் கம்பி கீழே கிடக்கும். கண்ணாடிப் பெட்டி வேண்டியதுதான்.

கொளத்தூரில் மீன் தொட்டி செய்யும் கடைகளில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பலகையின் மேல் வைத்தால் அதுதான் பெட்டி. 1/48 கேமலுக்கு உள்ளளவு 27-க்கு 20 சென்டிமீட்டர், உயரம் 12 இருந்தால் எடுக்கவைக்கக் கை போகும். ஒட்டிய சிலிகானில் புளிச்ச காடி வாடை போகும்வரை மாடலை உள்ளே வைக்காதீர்கள். அது அசிட்டிக் அமில ஆவி, பித்தளை பெல்ட்டையும் ஈயப் பாகத்தையும் அரிக்கும். ஃபெவிக்விக்கில் புதிதாக ஒட்டிய மாடலையும் உடனே மூடாதீர்கள், அதன் ஆவி உள்ளே தங்கி வெள்ளையாகப் படியும்.

பூச்சிக்கு என்று அந்துருண்டை போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெட்டிக்குள் போடவே வேண்டாம், அந்த ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். ஈரத்துக்கு சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று பலகைக்கு அடியில் வையுங்கள், நிறம் மாறினால் எடுத்து, சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். நேர் வெயில் விழும் ஜன்னல் ஓரமும் வேண்டாம், டீகால் மஞ்சளாகும்.

ரயில்வே லைன் பக்கத்து வீடென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கூட்ஸ் வண்டிக்கும் பலகை அதிரும், மாடல் மெதுவாக நகர்ந்து கண்ணாடியில் போய் மூக்கை இடிக்கும். சக்கரத்தின் அடியில் 0.4 ஓட்டை போட்டு ஒரு துண்டு ஊசிக் கம்பியை ஒட்டி, பலகையில் அதே இடத்தில் ஓட்டை போட்டுச் செருகுங்கள், பசை வேண்டாம். மாடலை எடுக்க வேண்டிவந்தால் பாடியின் அடியில் விரல் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள், இறக்கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கம்பி ஒன்று அறுந்தால் பழைய நுனியை ஓட்டையிலிருந்து தோண்டாமல் ஓட்டையின் விளிம்போடு வெட்டிவிட்டு, பக்கத்திலேயே இழுத்த ஸ்ப்ரூ ஒன்றை அளந்து வைத்து, இரண்டு முனையிலும் ஃபெவிகால் தொட்டால் சரியாகிவிடும்.